பழைய கர்னலும் ஐந்து கிலோ வெங்காயமும்

எழுத உட்காருவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் தைரியம் வரும் என்று சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கம்ப்யூட்டரை யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டதில்லை. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பாதி புரியும். நாலு பேர் நடுவில் ஏதாவது பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். ஆனாலும் காரைக்காலில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். அங்கே சர்வர், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் செய்த ஒரு தப்பு உபயோகப்படும் என்று நஸீமா சொன்னாள். அவள் எங்கள் ஆபீசில் டிக்கெட் போடுகிற பெண். "நீங்க வாயால சொன்னா யாருக்கும் கேக்காது, எழுதிடுங்க சுமதிக்கா" என்றாள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. சர்வர் என் கைக்கு வந்த கதை

எங்கள் முதலாளியின் தங்கை மகன் பிரான்ஸில் இருக்கிறான். முதலாளி சொல்வது மாதிரி நாங்களும் அவனை மருமகன் என்றுதான் சொல்வோம். கம்ப்யூட்டர் படித்தவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, ஆபீசில் எல்லாரும் வேலை நேரத்தில் வீடியோ பார்ப்பதைக் கண்டுபிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதன் வழியாகத்தான் மற்ற நாலு கம்ப்யூட்டருக்கும் நெட் போக வேண்டும் என்று செய்துவிட்டுப் போனான். அதுதான் சர்வர். உம்ரா பயணப் பிரசுரங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரியின் மேல் இருக்கிறது.

அவன் ஊருக்குக் கிளம்பும்போது, இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. எல்லாரும் "எனக்குத் தெரியாது" என்று உடனே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்படித்தான் நான் சிஸ்டம் அட்மின் ஆனேன்.

அவன் ஒரு நோட்டில் கமாண்டுகளைத் தமிழில் விளக்கம் போட்டு எழுதிக் கொடுத்தான். அதே நோட்டில் நானும் எழுதுவேன். ஸ்கிரீனில் வருவது புரியாவிட்டால், வந்ததை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதிவைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் ஷட்டரைத் தூக்குவது முதலாளியின் கை. சர்வரைத் திறப்பதும் அவர் கைதான். காலையில் சர்வரை நான் ஆன் செய்வேன். கறுப்புத் திரையில் நாலைந்து வரியோடு ஒரு மெனு வந்து காத்து நிற்கும். முதலாளி வந்து என்டர் பட்டனில் கட்டை விரலை வைத்து, கண்ணை மூடி, எதையும் தொடங்கும் முன் சொல்கிற பிஸ்மியை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விரலை எடுப்பார். அதுவரை பட்டன் அமுங்கியே இருக்கும். ஏழு வருஷத்தில் மூன்று கீபோர்டு மாற்றியிருக்கிறோம். மூன்றிலும் என்டர்தான் முதலில் போனது.

2. வெள்ளிக்கிழமை செய்த அப்டேட்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக ஆபீசைப் பன்னிரண்டரைக்குப் பூட்டி இரண்டரைக்குத் திறப்பார்கள். அந்த நேரத்தில் நான் உள்ளேயே சாப்பிட்டுவிட்டு, சிஸ்டம்களைத் துடைத்து, அப்டேட் ஏதாவது இருந்தால் போடுவேன். அன்று சர்வருக்கு ஒரு பெரிய அப்டேட் காத்திருந்தது. பட்டியலில் கர்னல் என்றும் ஒரு வரி. போட்டேன். ரீஸ்டார்ட் கேட்டது. செய்தேன். இரண்டரைக்கு முதலாளி வந்து என்டரை அழுத்தினார். எல்லாம் திறந்தது. சாயங்காலம் கூட்டம் இல்லாததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை எங்களுக்கு முக்கியமான நாள். பண்டாரி ஜக்கரியாவுக்கு அன்று வீடியோ இன்டர்வியூ. கல்யாண வீட்டு பிரியாணி சமைப்பவரை இங்கே பண்டாரி என்பார்கள். இவர் பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டு ஓட்டல் கிச்சனில் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கு வந்தவர். திரும்பப் போக இரண்டு தடவை முயன்று நடக்கவில்லை. இப்போது கத்தாரில் ஒரு ஓட்டல் கூப்பிட்டிருந்தது. அந்த ஓட்டலில் வயது வரம்பு உண்டு. அடுத்த மாதம் பிறந்த நாள் வந்தால் பண்டாரி அதைத் தாண்டிவிடுவார். அதனால் இதுதான் கடைசி வாய்ப்பு. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து ஃபாரம் நிரப்பியவள் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

நாலரை மணிக்கு இன்டர்வியூ. அதற்கு முன்னால் பதினொன்றரைக்கு, கேமரா சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு சோதனை கால். இரண்டிலும் வெங்காயம் நறுக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பண்டாரி காலை பத்து மணிக்கே சலவைச் சட்டை போட்டு, ஐந்து கிலோ வெங்காயம், பலகை, சொந்தக் கத்தி எல்லாவற்றோடும் வந்துவிட்டார். ஐந்து கிலோ எதற்கு என்று முதலாளி கேட்டார். பண்டாரிக்கு அவர் நானா, அதாவது அண்ணன்.

"கை சூடாவணும்ல நானா. பந்து போடுறவன் மொதல்ல நாலு பந்து சும்மா போட்டுப் பாப்பான்ல."

பதினொன்றரைக்குள் ஒரு கிலோ நறுக்கிக் கை சூடாகிவிட்டது. ஏ.சி. போட்டு மூடிய அறை. முதலாளி, நஸீமா, நான் மூன்று பேரும் கண்ணீர் விட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். துபாய் டிக்கெட் கேட்க வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தார். சாவு வீட்டில் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சத்தமில்லாமல் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து நஸீமாவிடம் மெதுவாக, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். வெங்காயம் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் கால் வந்துவிட்டது.

கத்தார் பக்கம் பேசியவர் மலையாளி, அந்தக் கிச்சனின் செஃப். அவர் முகம் ஸ்கிரீனில் சதுரம் சதுரமாக வந்தது. குரல் வந்த பிறகு வாய் அசைந்தது. நறுக்கச் சொன்னார். பண்டாரி கத்தியைத் தூக்கினார். எங்கள் படமும் ஸ்கிரீனின் ஓரத்தில் தெரியும் இல்லையா, அதில் கத்தி சரியாகத்தான் இறங்கியது. செஃப் கண்ணில் என்ன தெரிந்ததோ, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு கால் துண்டித்துக்கொண்டது. நாலரைக்குப் பார்க்கலாம், நெட்டைச் சரி செய்து வையுங்கள் என்று மெசேஜ் மட்டும் வந்தது.

எல்லாரும் அலமாரி மேலே இருந்த சர்வரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"நேத்து எதாச்சும் நோண்டுனீங்களாக்கா?" என்றாள் நஸீமா.

கர்னல் அப்டேட் என்று சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

3. கர்னல் குற்றவாளி இல்லை என்று நான் தீர்ப்புச் சொன்னது

கர்னல் என்றால் என்ன என்று பண்டாரி கேட்டார். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவில் இருப்பது, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் வேலை வாங்குவது அதுதான் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"அப்ப அதான் பண்டாரி. மத்ததெல்லாம் எடுபுடி. நீங்க பண்டாரிய மாத்திட்டு, சோறு ஏன் வேவலைங்கிறீங்க."

இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மருமகனுக்குப் போன் போட்டோம். பிரான்ஸில் அது லீவு நாள் காலை, தூங்கிக்கொண்டிருப்பான், எடுக்கவில்லை. நோட்டைப் புரட்டினேன். கர்னல் மாற்றிப் பிரச்சினை வந்தால் என்று ஒரு தலைப்பு இருந்தது. கீழே சுருக்கமாக, 'மெனுவில் இரண்டாவது வரி, என்டர், பழையது' என்று எழுதியிருந்தான். அப்டேட் போட்டாலும் பழைய கர்னல் அழியாது, அதே மெனுவில் இருக்கும். நான் அதற்குமுன் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை.

ரீஸ்டார்ட் செய்தேன். மெனு வந்தது. அம்புக்குறி பட்டனால் இரண்டாவது வரிக்குப் போனேன். நான் என்டரை அழுத்துவதற்குள் முதலாளியின் கட்டை விரல் வந்துவிட்டது. சர்வர் திறக்கிறதென்றால் அவர் கைதானே. கண்ணை மூடி பிஸ்மியை முழுதாகச் சொல்லி விரலை எடுத்தார். அதற்குள் திரையில் இன்னொரு பட்டியல் மாதிரி ஏதோ பளிச்சென்று வந்து போய், சிஸ்டம் திறக்க ஆரம்பித்துவிட்டது.

நெட் அதே ஸ்லோ. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை செய்தோம். அதே விரல், அதே பிஸ்மி, அதே ஸ்லோ.

பழைய கர்னலிலும் ஸ்லோ என்றால் கர்னல் மேல் தப்பில்லை. என் மேலும் தப்பில்லை. அந்த நிம்மதியில் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. இங்கேதான் என் தப்பு தொடங்குகிறது.

4. தப்பான இடத்தில் தேடிய மூன்று மணி நேரம்

நெட்வொர்க் கார்டின் வேகத்தைக் காட்டுகிற கமாண்ட் நோட்டில் இருந்தது. போட்டேன். ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து என்று காட்டியது. பக்கத்தில், 'வேகம் குறைந்தால் கேபிளைப் பார்' என்று மருமகன் எழுதியிருந்தான். கேபிளைப் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ப் பழையதைப் பிடுங்கிப் புதியதை மாட்டினேன். பத்து. நஸீமாவின் கம்ப்யூட்டரில் ஓடிய நல்ல கேபிளை மாட்டினேன். அதுவும் பத்து. நான் வெளியே வந்தபோது தலையில் போன வருஷத்து ஹஜ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில்தான் அதைக் கவனித்தேன்.

நெட் கனெக்‌ஷன் கொடுத்த தினேஷைக் கூப்பிட்டோம். வரிச்சிக்குடியில் யார் வீட்டிலோ மோடம் மாட்டிக்கொண்டிருந்தவன் பைக்கில் வந்தான். தன் லேப்டாப்பை நேராக மோடத்தில் மாட்டி வேகத்தைக் காட்டினான். பிரமாதமாக வந்தது.

"எங்க சைடு ஃபுல் ஸ்பீடுங்க. உங்க பொட்டிக்குள்ளதான் என்னமோ இருக்கு."

அப்படியென்றால் கம்ப்யூட்டர் ஒன்றை நேராக மோடத்தில் மாட்டி இன்டர்வியூவை நடத்தலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தினேஷும் அதைத்தான் கேட்டான். மோடம் இருப்பது வாசல் பக்கம், முதலாளியின் மேசைக்கு மேலே. அங்கே பலகை போட்டு வெங்காயம் நறுக்கினால் வருகிற கஸ்டமர் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள் என்று நஸீமா சொன்னாள். முதலாளி யோசித்துவிட்டு, வேறு வழியே இல்லையென்றால் அப்படிச் செய்யலாம், ஆனால் ஓட்டல்காரர்கள் பின்னால் சந்தை இரைச்சலைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றார். தெருவைப் பார்த்த மேசை அது. மீன் கூடை போகும், ஆட்டோ போகும், எல்லாரும் அவருக்கு சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அடுத்து முதலாளியின் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். பழைய கட்டடம், சுவர் இரண்டு முழம் கனம். உள்ளே எங்கள் போன்களுக்கு சிக்னலே இல்லை, அவருடையதில் மட்டும் இரண்டு கோடு. படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தப் போனில் யாராவது கூப்பிட்டால் நெட் நின்றுவிடும். முதலாளிக்கு யாரும் கூப்பிடாத இரண்டு நிமிஷம் ஒரு நாளில் கிடையாது. எடுக்காமல் இருக்கலாமே என்று நஸீமா சொன்னதற்கு, அவர் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அந்த யோசனையை யாரும் பேசவில்லை.

மணி மூன்றேகால். பண்டாரி கை ஆறிவிடக் கூடாது என்று இன்னொரு கிலோ நறுக்கியிருந்தார். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சத்தமாகப் பேசுகிற மனிதர், அப்போது மட்டும் மெதுவாகப் பேசினார்.

"தங்கச்சி, இது சரியாவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வீட்டுல இன்னும் சொல்லல. சும்மா கடைக்குப் போறேன்னுதான் வந்துருக்கேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தேன்.

5. நோட்டு காட்டிக்கொடுத்தது

பழைய கர்னலிலும் ஸ்லோ என்று முதலாளியின் போனிலிருந்து மெசேஜ் போட்டிருந்தோம். அந்த நேரத்தில் மருமகனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. தூக்கக் குரல். "பழைய கர்னல்ல பூட் பண்ணியும் ஸ்லோவா? ஆச்சரியமா இருக்கே. ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு எழுதி அனுப்புங்க" என்றிருந்தான்.

எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. ஓடுகிற கர்னல் எது என்று காட்டும் கமாண்ட், uname -r, நோட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. போட்டேன். நீளமாக எண்கள் வந்தன, முடிவில் 58. எழுதினேன். மேலே, இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் இதே மாதிரி பார்த்து எழுதிய வரி இருந்தது. அதன் முடிவில் 52.

இரண்டையும் விரல் வைத்துப் படித்தேன். எழுதியதில் பிழையோ என்று ஸ்கிரீனைப் பார்த்தேன். 58தான். அதாவது இப்போது ஓடிக்கொண்டிருப்பது புதுக் கர்னல். காலையிலிருந்து பழைய கர்னல் ஒரு தடவைகூடத் திறக்கவே இல்லை.

உடனே ரீஸ்டார்ட் செய்தேன். மெனு வந்தது. இரண்டாவது வரிக்குப் போனேன். சத்தம் கேட்டு முதலாளி மேசையிலிருந்து எழுந்து வேகமாக வந்தார். கட்டை விரல் நீண்டது. என்டரில் உட்கார்ந்தது.

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டனை அமுக்கியே பிடித்தால் ஒரு என்டர் இல்லை, வரிசையாக இருபது என்டர். காலையில் பளிச்சென்று வந்து போனது இரண்டாவது பட்டியல். அதில் முதல் வரி புதுக் கர்னல். முதல் என்டர் பட்டியலைத் திறந்தது, அடுத்த என்டர் அதில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அன்றாடம் திறக்கும்போது இதனால் கெடுதல் இல்லை, ஏனென்றால் அப்போதும் வேண்டியது முதல் வரிதான். அதனால்தான் ஏழு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

புரிந்தது சரி. ஆனால் அப்போதும் நான் வாயைத் திறப்பதற்குள் பிஸ்மி முடிந்து, 58 திறந்துவிட்டது. மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன். மணி மூன்றே முக்கால். மறுபடி மெனு. மறுபடி விரல் நீண்டது.

"முதலாளி, கையை எடுங்க."

நான் சொன்னது வாசலில் இருந்த தினேஷுக்குக் கேட்டிருக்கிறது. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆபீசில் என் குரல் அவ்வளவு தூரம் போனது அன்றுதான். நஸீமா எழுந்து நின்றுவிட்டாள். முதலாளி விரலை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. நீ அமுக்கு. நான் வாயால மட்டும் சொல்லிக்கிறேன்."

அவர் சொன்னார். நான் என்டரைத் தொட்டு எடுத்தேன். இரண்டாவது பட்டியல் வந்து, அசையாமல் நின்றது. மூன்றாவது வரியில் 52. அதற்குப் போய் இன்னொரு தடவை தொட்டேன்.

சிஸ்டம் திறந்ததும் முதலில் கர்னல் எண்ணைப் பார்த்தேன், 52. அடுத்துக் கார்டின் வேகம், ஆயிரம். எங்கள் நாலு கம்ப்யூட்டரிலும் நெட் பறந்தது.

மருமகனுக்கு எழுதி அனுப்பினேன். அந்த நெட்வொர்க் கார்டுக்கு அவன் தனியாக ஒரு டிரைவர் போட்டிருந்தானாம். புதுக் கர்னலோடு அது சேரவில்லை. கர்னல் தன்னிடம் இருந்த பொது டிரைவரைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறது. இதைப் பண்டாரியிடம் சொன்னேன்.

"புதுப் பண்டாரிக்குப் பழைய அகப்பை கைக்குப் புடிக்கல. கரண்டிய வச்சு பிரியாணி தேக்சாவ கிண்டிருக்கான்" என்றார்.

நாலரைக்கு கால் வந்தது. செஃப்பின் மீசை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பண்டாரி நறுக்கினார். மெல்லியதாக, ஒரே அளவாக, கை நடுங்காமல். எனக்கு அழகாகத்தான் இருந்தது. செஃப் முகம் சுருங்கியது.

"சேட்டா, காலையிலே எந்தொரு ஸ்பீடு. கத்தி மேலே போச்சு, அடுத்த செகண்ட் பார்த்தா முழுசும் கட் ஆச்சு. இப்போ ஏன் ஸ்லோ?"

எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையில் படம் நடுவில் நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவியதால், பலகையில் இருந்த வெங்காயம் முழுவதையும் ஒரே வெட்டில் நறுக்கியவராக அவர் கண்ணுக்குப் பண்டாரி தெரிந்திருக்கிறார். அதுதான் அந்தத் திறந்த வாய். முதலாளி என்னைப் பார்த்தார். புதுக் கர்னலைத் திரும்பப் போடலாமா என்று கேட்பது மாதிரி இருந்தது.

பண்டாரி கத்தியைக் கீழே வைத்தார்.

"காலையில நெட்டு ஸ்லோ சார். அதனால நான் ஸ்பீடு. இப்ப நெட்டு ஸ்பீடு, நான் எப்பவும் உள்ளபடி."

செஃப் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடியும் நின்றுவிட்டதோ என்று நான் கேபிளைப் பார்த்தேன். நிற்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தம் வெளியே வரவில்லை. பிறகு கேமராவைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டு வரச் சொல்லி, துண்டுகளைப் பார்த்தார். கடைசியாக எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள் என்று கேட்டு, அரை மணி நேரம் பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒன்றைச் சோதித்தேன் என்று சொல்வதற்கு முன்னால், சோதிக்க நினைத்ததுதான் உண்மையில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் நோட்டின் அட்டையில் uname -r என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே 'கையை எடுங்க' என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டாவது கமாண்ட் முதலாவதைவிடக் கஷ்டமானது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு, தேர்வாகிவிட்டார் என்று கத்தாரிலிருந்து மெயில் வந்தது. மெயிலோடு வைத்து அனுப்ப, சம்மதம் என்று ஒரு கடிதம் டைப் செய்தேன். கீழே பண்டாரியின் பெயரைப் போட அடுத்த வரிக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல காரியம் என்று முதலாளி வந்து என்டரை அழுத்தினார். பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அப்படியே அனுப்பினோம்.